பேத்திக்கு லத்தீன் டியூஷன் தேடிய கதை!

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 72. பாளையங்கோட்டையில் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். "டியூஷன் எங்கே வைக்கலாம் டீச்சர்?" என்று என்னிடம் கேட்ட தாய்மார்களுக்குக் கணக்கே கிடையாது. கணக்குக்கு இந்த வாத்தியார், இங்கிலீஷுக்கு அந்த அம்மா என்று கை காட்டி விடுவேன். அப்படிப்பட்ட எனக்கே, சொந்தப் பேத்திக்கு ஒரு வாத்தியார் தேட இரண்டரை மாதம் ஆயிற்று. அதுவும் எந்தப் பாடத்துக்கு என்கிறீர்கள்? லத்தீன்!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் மகள் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். 2023 அக்டோபர் மாதம் ஆறு மாத விசாவில் அங்கே போனேன். பேத்தி அப்போது பதினோராம் வகுப்பு. வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்து விட்டது. அம்மாவும் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதை ஏன் கேக்கிய அம்மா? செத்துப்போன பாஷை ஒண்ணைப் படிப்பேன்னு அடம் பிடிக்கா. ஸ்கூல்ல அந்த கிளாஸையே எடுத்துட்டாங்க. அப்பவும் விட மாட்டேங்கா" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளில் ஏ.பி. என்று ஒரு ஏற்பாடு உண்டு. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்பதன் சுருக்கம். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதல் வருஷத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் நாடு முழுவதற்கும் பொதுவாக நடக்கும் பரீட்சையை எழுத வேண்டும். நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. மார்க் 1 முதல் 5 வரைதான். நல்ல மார்க் வந்தால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கணக்கு, ரசாயனம், சரித்திரம் போல லத்தீனுக்கும் இந்தப் பரீட்சை உண்டு.

பேத்தி ஏழாம் வகுப்பிலிருந்து லத்தீன் படித்தவள். சொல்லிக் கொடுத்த டீச்சர் 2023 ஜூனில் ஓய்வு பெற்று விட்டார். ஏ.பி. வகுப்பில் சேர ஏழு பிள்ளைகள்தான் இருந்தார்களாம். ஏழு பேருக்காக ஒரு வகுப்பு நடத்த முடியாது என்று பள்ளிக்கூடம் எடுத்து விட்டது. மற்ற ஆறு பேரும் வேறு பாடத்துக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் வீட்டிலிருந்தே படித்து எழுதுகிறேன் என்று நின்றாள். வகுப்பில் உட்காராமலே பரீட்சை மட்டும் எழுதவும் அங்கே இடம் உண்டு.

"கம்ப்யூட்டர் எடுத்தா நாளைக்குப் பிரயோஜனம். இதைப் படிச்சு என்ன செய்யப் போறா?" என்பது மகளின் கட்சி. மாப்பிள்ளை, "டியூஷன் வெச்சுப் பாப்போம் அத்தை. சரியா வரலைன்னா விட்டுரட்டும்" என்றார். டியூஷன் படலம் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வாத்தியார்

ஒரு பெரிய டியூஷன் நிறுவனம். பெயர் வேண்டாம். விளம்பரமெல்லாம் பளபளவென்று இருந்தது. மணிக்கு 85 டாலர். இருபது மணி நேரத்துக்கு முன்பணமாக 1,700 டாலர் கட்டச் சொன்னார்கள். மகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். பாடம் கம்ப்யூட்டர் திரையில். சொல்லிக் கொடுத்தது ஒரு கல்லூரிப் பையன்.

சாப்பாட்டு மேஜையில் பேத்தி உட்கார்ந்திருப்பாள். நான் எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டு இருப்பேன். லத்தீனில் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் வகுப்பறை தெரியும் இல்லையா? முதல் நாள் முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, ஒரு மணி நேரமா அந்தப் பையன்தான பேசுதான். நீ எப்பப் பேசுவ?"

"அவர் சொல்றதை நான் எழுதிக்கிறேன் ஆச்சி."

"என்ன எழுதின?"

நோட்டைக் காட்டினாள். வரிக்கு வரி இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அந்தப் பையன் ஏதோ புத்தகத்தில் இருந்த மொழிபெயர்ப்பைப் படிக்கப் படிக்க இவள் எழுதியிருக்கிறாள்.

நோட்டை மூடி வைத்துவிட்டு, மூலத்தில் ஒரு வரியைக் காட்டி, "இதுக்கு அர்த்தம் சொல்லு" என்றேன். இரண்டு வார்த்தை சொன்னாள். மூன்றாவதில் நின்று விட்டாள். கண் கலங்கி விட்டது.

நம்மூரில் கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்துவிட்டுச் செய்யுளைப் படிக்காத பிள்ளை மாதிரிதான். தெரிந்த பாட்டு வந்தால் எழுதும், தெரியாதது வந்தால் முழிக்கும். இந்தப் பரீட்சையிலோ இதுவரை பார்க்காத பகுதியைக் கொடுத்தும் கேள்வி வரும் என்கிறாள். நோட்ஸ் எந்த மூலைக்கு?

நான்கு வகுப்போடு நிறுத்தினோம். மீதிப் பணத்தைக் கேட்டால் திருப்பித் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறதாம். "வேண்டுமானால் கணக்குப் பாடத்துக்கு அந்த மணி நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மகள் பத்து தடவை போன் போட்டுச் சண்டை பிடித்த பிறகு பாதி வந்தது. அந்தக் கோபமெல்லாம் பிள்ளை மேலே விழுந்தது.

இரண்டாவது வாத்தியார்

அடுத்த வீட்டு அம்மாள் ஒரு பெரியவரைச் சொன்னாள். பல வருஷம் லத்தீன் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர்ப் பொது நூலகத்தில் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். மணிக்கு 30 டாலர்தான். நானும் துணைக்குப் போய்த் தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

நல்ல மனிதர். பாட்டை வாசித்தால் அவர் முகமே மாறிவிடும். பேத்தியும் பேசினாள், சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் சும்மா கேட்டேன்.

"போர்ஷன் எவ்வளவு முடிஞ்சுது?"

பேத்தி பேசாமல் இருந்தாள்.

"போர்ஷன் தாளை அவர்ட்ட காட்டினியா?"

"இல்ல ஆச்சி. அவ்வளவு பெரியவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

இவளுக்கு வர வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று வெர்ஜில் என்ற கவிஞர் எழுதிய 'ஈனியட்' காவியம். ட்ராய் நகரம் எரிந்து போனபின் ஈனியாஸ் என்ற வீரன் தப்பித்து இத்தாலிக்குப் போகும் கதை. பன்னிரண்டு காண்டம். அதில் 1, 2, 4, 6 ஆகிய காண்டங்களிலிருந்து சுமார் 840 வரிகளை லத்தீனிலேயே படிக்க வேண்டும். இன்னொன்று ஜூலியஸ் சீசர், கால் நாட்டில் தான் நடத்திய போரைப் பற்றித் தானே எழுதிய உரைநடை. பெரியவரோ கட்டுல்லஸ், ஓவிட் என்று வேறு கவிஞர்களை நடத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்புக்குப் போகும்போது போர்ஷன் தாளை அச்செடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் காலத்தில் லத்தீனுக்கு இரண்டு ஏ.பி. பரீட்சைகள் இருந்தனவாம். கட்டுல்லஸும் ஓவிடும் வந்த பரீட்சை 2009-ஓடு நின்றுவிட்டது. வெர்ஜிலும் சீசரும் சேர்ந்த புதிய பாடத்திட்டம் 2012-13 கல்வியாண்டில் வந்தது. அவர் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவர்.

"நான் உன் நேரத்தை வீணாக்கிவிட்டேன் குழந்தை. இதை இப்போது நடத்துகிற ஒருவரைத் தேடிக்கொள்" என்று சொல்லி, அன்றைய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். தன்னுடைய பழைய லத்தீன் அகராதியையும் அவளிடம் கொடுத்தார். பெரிய மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாத்தியார் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு.

அந்த ராத்திரி

ஆனால் மூன்று வாரம் போனது போனதுதான். டிசம்பர் பிறந்து விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னதும், "போதும். இத்தோட விட்டுரு. இனி ஒரு டாலர் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பேத்தி சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

தட்டில் இரண்டு தோசையை வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். அழுதுகொண்டே ஒரு ரகசியம் சொன்னாள். பரீட்சைக்குப் பெயர் கொடுக்க நவம்பர் நடுவில் கடைசி நாள். கட்டணம் 98 டாலர். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சேர்த்த பணத்தில் அதை இவளே கட்டியிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது.

எனக்கு அடி வயிற்றில் ஏதோ செய்தது. என் கதை ஒன்று ஞாபகம் வந்தது. 1969-ம் வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. எனக்குக் கணக்கு வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு வாத்தியார் டியூஷன் எடுத்தார். மாதம் ஐந்து ரூபாய். என் அண்ணன் போனான். நான் கேட்டபோது, "பொட்டப்பிள்ளைக்கு டியூஷன் எதுக்கு? பாஸானா படி, இல்லைன்னா அடுப்படி" என்றார் அப்பா. அண்ணன் படிக்கும்போது நான் வாசல் திண்ணையில் விளக்குத் துடைப்பதுபோல உட்கார்ந்து கேட்பேன். எப்படியோ பாஸானேன். ஆனால் அந்த ஐந்து ரூபாய் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

என் அப்பா கேட்டதும் 'இது எதுக்கு' என்றுதான். என் மகள் கேட்பதும் அதேதான். மகள் தப்பானவள் இல்லை. உழைத்துச் சம்பாதித்த பணம், ஏமாந்த கோபம். ஆனாலும் கேள்வி ஒன்றுதானே?

பேத்தியிடம் இரண்டு காரியம் சொன்னேன். "நாளைக்குக் காலைல அம்மாட்ட பணம் கட்டின விஷயத்தைச் சொல்லிரு. மறைச்சுப் படிக்கிற படிப்பு மண்டையில ஏறாது. ரெண்டாவது, உன் பழைய டீச்சருக்கு எழுதினியா?"

"அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க ஆச்சி. தொந்தரவு பண்ணக் கூடாது."

"ஏட்டி, ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தி உன் முன்னாலதான் உக்காந்திருக்கேன். பழைய பிள்ளை ஒண்ணு 'டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்ததை இன்னும் படிக்கணும்'னு எழுதினா, எனக்கு அது தொந்தரவா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வராது!"

எழுதினாள். மறுநாள் மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. இரண்டு பெயர்களும் வந்தன.

காலையில் அம்மாவிடமும் சொன்னாள். மகள் ஒன்றும் பேசவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "கடைசியா ஒரு தடவை. ஆனா முன்பணம் கிடையாது" என்றாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, இது வெறும் பிடிவாதம் இல்லை என்று.

மூன்றாவது வாத்தியார்

இரண்டு பேரில் ஒருவருக்கு நேரமில்லை. மற்றவர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம், லத்தீன் படிக்கும் துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். கைக்குழந்தைக்காரி. மணிக்கு 45 டாலர். வாரம் இரண்டு நாள். அந்தந்த வகுப்புக்கு அன்றன்றைக்குப் பணம். முதல் அரை மணி நேரம் இலவசமாகப் பார்க்கலாம் என்றாள்.

அந்த முதல் அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். வணக்கம் சொன்னதும், பேத்தி அதுவரை பார்க்காத எட்டு வரிகளைக் கொடுத்து, "சத்தமாக யோசித்துக்கொண்டே மொழிபெயர்" என்றாள். அதன் பிறகு பதினைந்து நிமிஷம் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பேத்தி தடுமாறினாள், திரும்ப வந்தாள், தப்பாகச் சொன்னாள், திருத்தினாள். அந்தப் பெண் குறித்துக்கொண்டே இருந்தாள். நான் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். இவள்தான் வாத்தியார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் அவள் சொன்னது இது: "உனக்கு வார்த்தைகள் தெரிகின்றன. ஆனால் வார்த்தையின் வாலை நீ பார்ப்பதில்லை. இங்கிலீஷ் வரிசையில் வார்த்தைகளை அடுக்கிக் கதை கட்டுகிறாய். மொழிபெயர்ப்புக் கேள்வியில் ஒரு பகுதியைப் பதினைந்து துண்டாகப் பிரித்துத் துண்டுக்கு ஒரு மார்க் போடுவார்கள். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும். கதைக்கு மார்க் கிடையாது."

பேத்தி இதை எனக்கு விளக்கியபோது நான் துள்ளி எழுந்தேன். வார்த்தையின் வால் என்றால் என்ன? வேற்றுமை உருபு! 34 வருஷம் நான் நடத்தியது!

லத்தீனில் 'புயெல்லா' என்றால் சிறுமி. 'புயெல்லாம்' என்றால் சிறுமியை. 'உழவன் சிறுமியைப் பார்க்கிறான்' என்பதை வார்த்தை மாற்றிப் போட்டாலும் அர்த்தம் மாறாது. ஏனென்றால் உருபு காட்டிக் கொடுத்துவிடும். தமிழிலும் அப்படித்தானே? 'சிறுமியை உழவன் பார்க்கிறான்' என்றாலும் பார்ப்பவன் உழவன்தான். இங்கிலீஷில் மாற்றிப் போட்டால் சிறுமி உழவனைப் பார்ப்பாள்! நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஆறு. நம்முடைய ஆல், ஓடு, இன், கண் என்ற உருபுகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அவர்கள் ஒரே வேற்றுமையில் அடக்கி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

அன்றிலிருந்து என் வேலை இதுதான். ராத்திரி சப்பாத்தி இடும்போது அவள் ஒரு வரி படிப்பாள். நான் கேள்வி கேட்பேன். "யாரு? யாரை? யாருக்கு? எதால? எங்கேருந்து? எங்கே?" உருபைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். தமிழ் பேச வரும், இலக்கணம் தெரியாது என்று இருந்த பிள்ளை, லத்தீன் புண்ணியத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் எல்லாம் கற்றுக்கொண்டாள்.

'ஊர் பிடிபட்டு, வீரர்கள் திரும்பினார்கள்' என்கிற மாதிரி வாக்கியம் சீசரில் அடிக்கடி வருமாம். இங்கிலீஷில் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். நம் வினையெச்சத்தில் 'பிடிபட்டு' என்று ஒரே வார்த்தை. "ஆச்சி, தமிழ்ல யோசிச்சா சீக்கிரம் வருது!" என்றாள். எனக்கு ஒரு பவுன் கிடைத்த மாதிரி இருந்தது.

செய்யுளில் அளவு பிரிப்பதும் உண்டு. வரிக்கு ஆறு சீர். குறிலை அடுத்து இரண்டு மெய் வந்தால் அந்த அசை நெடிலுக்குச் சமம். நம் யாப்பிலும் குறிலோடு ஒற்றுச் சேர்ந்தால் நெடிலைப் போல நேரசை ஆகிவிடுகிறது அல்லவா? விதிகள் ஒன்றல்ல. ஆனால் காதுக்குப் பழக்கம் ஒன்றுதான்.

வீரமாமுனிவரைப் பற்றியும் சொன்னேன். இத்தாலியிலிருந்து வந்து, 'தேம்பாவணி' பாடிய பெஸ்கி பாதிரியார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். தமிழ் இலக்கணத்தையும் லத்தீனில் எழுதினார். "அப்ப அவருக்கும் வேற்றுமை தெரியும்!" என்றாள் பேத்தி. "தெரியாமலா?" என்றேன். அன்று கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து, காரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வார்த்தைச் சீட்டுகளைப் பேத்தியிடம் கேட்பது அவள் வேலை ஆயிற்று.

அந்த டீச்சர் போட்ட திட்டத்தையும் சொல்லி விடுகிறேன். பழைய டீச்சரிடம் பேத்தி வெர்ஜிலில் முதல் 200 வரிகளையும், சீசரில் முதல் ஏழு அத்தியாயங்களையும் ஏற்கெனவே படித்திருந்தாள். மீதியை, வாரம் 40 வரி வெர்ஜில், இரண்டு மூன்று அத்தியாயம் சீசர் என்று ஏப்ரல் நடுவரை பிரித்தாள். வீட்டில் பிள்ளை முதலில் தானே மொழிபெயர்த்து வர வேண்டும். வகுப்பில் தப்பை மட்டும் பார்ப்பார்கள். கடைசி மூன்று வாரம் பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் 50 சிறு கேள்விகள், அடுத்த இரண்டு மணி நேரத்தில் மொழிபெயர்ப்பும் கட்டுரையும். அந்தக் கைதான் பழக வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். மே மாதம் எழுதினாள். ஜூலையில் ஒருநாள் ராத்திரி போன். "ஆச்சி, நாலு!"

ஐந்துக்கு நாலு. மொழிபெயர்ப்பு நன்றாக எழுதினாளாம், கட்டுரையில் நேரம் போதவில்லையாம். எதிர் வீட்டு அம்மாள் கேட்டாள், "அவ்வளவு செலவு பண்ணியும் அஞ்சு வரலியா?" என்று. நான் சொன்னேன், "வாத்தியார் வாசிக்க எழுதிக்கிட்டிருந்த பிள்ளை, தானா வாசிச்சு நாலு வாங்கியிருக்கா. அது போதும்."

போனை வைக்கும் முன் பேத்தி இன்னொன்று சொன்னாள். ரிசல்ட் வந்த அன்று அவள் மேஜையில் ஒரு கவர் இருந்ததாம். உள்ளே 98 டாலர். கவரின் மேல் அம்மா கையெழுத்தில் அவள் பெயர் மட்டும்.

வாசக சகோதரிகளுக்கு

லத்தீனோ, கணக்கோ, பிளஸ் டூ இயற்பியலோ, டியூஷன் தேடும் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்.

பாடம் நமக்குத் தெரியாவிட்டாலும் வாத்தியாரை நாம் எடை போட முடியும். ஒரு மணி நேரத்தில் யார் வாய் அதிகம் அசைகிறது, யார் பேனா அதிகம் ஓடுகிறது என்று பாருங்கள். பிள்ளையுடையது என்றால் சரியான இடம்.

முதல் நாளே போர்ஷன் தாளை வாத்தியார் கையில் கொடுங்கள். இந்த லத்தீன் பரீட்சையிலேயே 2025-26 கல்வியாண்டு முதல் சீசர் போய், இளைய பிளினி என்பவருடைய கடிதங்கள் வந்துவிட்டன. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்ததைப் பற்றி எழுதினாரே, அவர்தான். பேத்தி பேனாவால் எழுதிய பரீட்சை 2025 முதல் கம்ப்யூட்டரில் நடக்கிறது. எனவே, அமெரிக்காவில் பேரன் பேத்தி உள்ளவர்கள், 'சீசர் நன்றாக நடத்துவேன்' என்று சொல்பவரிடம் 'பிளினி நடத்துவீர்களா?' என்று கேளுங்கள்.

மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பாவது பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

விளம்பரத்தைப் பார்க்கும் முன், பிள்ளையின் பழைய டீச்சரைக் கேளுங்கள். யார் நன்றாக நடத்துவார்கள் என்பது இன்னொரு டீச்சருக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களையும் விசாரியுங்கள். வயதுப் பெண் என்றால் வகுப்பு நூலகத்திலோ, வீட்டுக் கூடத்திலோ, நம் கண் பார்வையில் நடக்கட்டும்.

பரீட்சை மே மாதம் என்றால் செப்டம்பரிலேயே தேட ஆரம்பியுங்கள். நாங்கள் டிசம்பரில் பிடித்தோம். கட்டுரைக்கு நேரம் போதாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, பிள்ளை ஒன்றைப் படிக்க வேண்டும் என்று நிற்கும்போது, 'இது எதுக்கு?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தக் கேள்வியை 1969-ல் கேட்டவள் நான். 54 வருஷம் கழித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பாளையங்கோட்டை